பின் அறைத் திருத்த மசோதா

நாட்டில் ஓட்டுப் போடும் வயதைப் பதினெட்டிலிருந்து பதினாறாகக் குறைத்த அரசியலமைப்புத் திருத்தத்தில் என் பங்கும் உண்டு. அதிலுள்ள காற்புள்ளிகள் எல்லாம் நான் பார்த்தவை. சட்ட அமைச்சகத்தில் மசோதாக்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். மசோதா நிறைவேறிய அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். நாட்டுக்குச் செய்ததை வீட்டுக்கும் செய்துவிடுவது!

எங்கள் வீட்டுக்கும் ஒரு அரசியலமைப்பு இருக்கிறது. கல்யாணமான புதிதில் நானே எழுதியது. எதுவானாலும் ஓட்டெடுப்பு, பதினெட்டு நிரம்பியவருக்கே ஓட்டு, சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அப்போது வீட்டில் இரண்டே பேர். பிறகு மனைவியின் தம்பி வேலை தேடி வந்தான். வேலை கிடைத்தது, போகவில்லை. அன்றிலிருந்து எல்லாத் தீர்மானமும் இரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்று யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமான் போட்டுவைத்திருந்த பின் அறையை அந்த வாரம்தான் காலி செய்திருந்தோம். அங்கே ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது சுவரில் ஒரு கொக்கி. அதிலும் பாதி நாள் மச்சானின் சட்டை. மனைவிக்கோ ஹாலில் இருக்கும் தையல் மிஷினை அந்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மகளுக்குப் பதினேழு. மகனுக்குப் பதினாறு. தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி. மகனுக்கு இரவு பதினொன்று வரை செல்போன். என் மேசைக்கே ஓட்டு என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள், என் தலையில் அடித்து.

சாப்பாட்டு மேசையில் மசோதாவைத் தாக்கல் செய்தேன்.

"வயசைக் குறைக்கணும்."

"யாருக்கு, உங்களுக்கா? இனிமே முடியாது" என்றாள் மனைவி.

"ஓட்டுப் போடுற வயசைடி! பதினாறு வயசுப் பிள்ளைக்கு அறிவு இல்லையா? நாடே ஒத்துக்கிச்சு."

"சரி, குறைச்சுடுங்க."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன். நாற்பது நிமிடப் பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"எதிர்ப்பு ஒண்ணும் இல்லையா?"

"எதுக்கு எதிர்க்கணும்? ஒண்ணே ஒண்ணு. இனிமே கை தூக்குறது வேணாம், ரகசிய ஓட்டு. பிள்ளைங்க உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படிப் போடும்? பயப்படும்ல?"

என் முகத்துக்கு இந்த வீட்டில் ஒருவர் பயப்படுகிறார் என்பதே எனக்குப் புதுச் செய்தி. பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்து ஒப்புக்கொண்டேன். அந்த வேகத்தில் நானே ஒரு விதியையும் சேர்த்தேன்: யாருடைய ஓட்டு என்று அடையாளம் தெரிந்தால் அந்தச் சீட்டு செல்லாது. மச்சான்கூட ஆதரித்தான். திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது.

ஞாயிறு காலை ஓட்டெடுப்பு. 'மேசை', 'மிஷின்' என்று இரண்டு கட்டம் போட்டு ஐந்து சீட்டு அச்சடித்து வந்திருந்தேன். பிஸ்கட் டப்பாதான் பெட்டி. எண்ணியவனும் நானே.

முதல் சீட்டு மிஷின். இரண்டாவது மிஷின். மூன்றாவதும் மிஷின். நான்காவது மேசை! ஐந்தாவதும் மேசை. ஆனால் அதன் மூலையில் பச்சை மையில் என் சுருக்கொப்பம், கீழே தேதி. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கைக்கு வந்த காகிதத்தில் ஒப்பம் வைக்காமல் விட்டதே இல்லை.

"செல்லாது" என்றாள் மகள். புதுசாக ஓட்டுரிமை பெற்றவள், விதி எண்ணோடு சொன்னாள்.

"சொந்தக் காசுல சூனியம்னா இதுதான் மாமா" என்றான் மச்சான்.

"ஏன்டா, எல்லாரும் மிஷினுக்கா போட்டீங்க?"

"ஹால்ல மிஷின் ஓடுனா டிவி சத்தம் யாருக்கும் கேக்க மாட்டேங்குதுப்பா" என்றான் மகன். "மத்தவங்களுக்கு அதான் காரணமா இருக்கும். நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மகள் காதோடு வந்து, அந்த ஒரு ஓட்டு தன்னுடையது என்றாள். துணி காயப்போடும் இடத்தில் மச்சானும் அதையே சொன்னான். என் கொக்கியின் மேல் சத்தியம் செய்தான்.

மூன்று பேரில் ஒருவர் சொன்னது உண்மை. அறை போனது வருத்தம்தான். ஆனாலும் இந்த வீட்டில் ஒரு ஜீவன் என் பக்கம் இருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளாகத்தான் இருக்கும். மனைவியோடு சேர்ந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்கு நடந்தபோது அதை அவளிடமே சொன்னேன்.

"அந்த ஓட்டு நான் போட்டதுங்க" என்றாள் மனைவி. "மூணு பேரும் எனக்குத்தான்னு முன்னாடியே தெரியும். ஒருத்தர்கூட உங்களுக்குப் போடலைன்னா என் தம்பி முன்னாடி எனக்குல்ல அசிங்கம்? சரி, உங்க பக்கம் இறங்குது, நல்லாத் தூக்கிப் பிடிங்க."