தொடக்கூடாத தாடி

எங்கள் வர்ஸாஸாத் ஊர் ஆண்களின் தாடிகளை முடிந்து நீட்டினால், அட்லஸ் மலையைத் தாண்டி மராகேஷ் வரை துணி உலர்த்தக் கொடி கட்டலாம். சரி, மிகைதான். மலையடிவாரம் வரை தாராளமாக வரும். மிச்சத்துக்குக் கயிறு வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றைப் பக்தித் தாடி என்று நினைத்து யாரும் மரியாதை செய்து ஏமாற வேண்டாம். இவை சினிமாத் தாடிகள். இவற்றுக்குப் பின்னால் இருக்கிற பிராணிக்கு 'அழைப்பு வரப்போகிறவர்' என்று பெயர். ரோமாபுரி வேண்டுமா, எகிப்து வேண்டுமா, பாலைவனத்தில் ஒரு யுத்தம் வேண்டுமா, உலகத்துப் படக்காரர்களெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டத்தில் நிற்க ஆள் பிடிக்கிறார்கள். வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். போனவர்களை இந்தப் பிராணி மட்டும் மனதிலிருந்து போகவிடுவதில்லை.

பாஸூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு கம்பளக் கடை உண்டு. அதைத் திறப்பவள் மனைவி தூடா, விற்பவள் தூடா, மூடுபவள் யாரென்று நான் சொல்ல வேண்டுமா? பாஸூவின் தொழில் எதிரேயுள்ள தேநீர்க்கடையில், சாலையைப் பார்த்த நாற்காலியில், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருப்பது. அந்தப் பக்கம்தான் அவருக்கு எடுப்பாம். ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்தால் போதும், கண்ணில் ஆழ்ந்த சோகம் ஒன்றை வரவழைத்துக்கொள்வார். ஜீப்பில் வந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்பார்.

அவர் நடித்த காட்சியை ஊரில் பார்க்காதவர் கிடையாது. கைபேசியில் படத்தை நிறுத்தித் தேநீர்க்கடை ஹம்முவின் மூக்கருகே நீட்டுவார்.

"அந்த ஒட்டகத்துக்குப் பின்னால பாரு."

"ஒட்டகந்தான் தெரியுது அண்ணே."

"அதோட காலை எண்ணு. நாலுக்கு மேல இருக்குல்ல? மிச்சம் ரெண்டும் என்னோடது."

அந்தப் படம் முடிந்த அன்று, ஆள் பிடிக்கிற ஆசாமி ஒருவன் ஜீப்பில் ஏறும்போது, "தாடியைத் தொடாதே, மறுபடி கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பாஸூவிடம்தான் சொன்னானா, பக்கத்தில் நின்றவனிடம் சொன்னானா என்பது வேறு விஷயம். அன்று முதல் பாஸூவுக்கு நாவிதர் பகையாளி. தாடி கறைபடும் என்று சூப்பைத் தொடுவதில்லை, நசுங்கும் என்று ஒருக்களித்துப் படுப்பதில்லை, அழைப்பு வரும் என்று ஊரைவிட்டு நகர்வதில்லை. மாமனார் சாவுக்குப் போனார், மறுக்கக்கூடாது. ஆனால் கல்லறையில் சிக்னல் இல்லை என்று பாதியில் திரும்பிவிட்டார்.

இந்தக் கூத்தில் காய்ந்து போனது மகள் ஈஜ்ஜாவின் கல்யாணம். மாப்பிள்ளை ஸகோராவில் பள்ளி வாத்தியார், தங்கமான பையன். தேதி வைப்பதும், ஏதோ ஓட்டல் பணியாள் "பெரிய படம் ஒண்ணு வருதாம்" என்று கிளப்பிவிடுவதும், பாஸூ தேதியைத் தள்ளுவதுமாகவே நாள் போனது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா ஸாயிது நேரிலேயே வந்துவிட்டார்.

"சம்பந்தி, பேரீச்சை அறுப்பு முடிஞ்சதும் வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம். ஆனா படப்பிடிப்பு வந்துட்டா?"

"ஒரு நாள் லீவு கேளுங்க."

"யுத்தத்துக்கு நடுவுல லீவா?"

ஸாயிது தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "என் பையன் கேட்டது உங்க பொண்ணை. உங்க தாடியை இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள தேதி சொல்லி அனுப்புங்க. இல்லேன்னா நாங்க வேற வீட்டுல தேநீர் குடிச்சுக்கறோம்."

அவர் போன பிறகு ஈஜ்ஜா வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்க கூப்பிடமாட்டாங்கப்பா."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவங்ககிட்ட உங்க நம்பர் இருக்கா?"

பாஸூ தாடியை மெல்லத் தடவிக்கொண்டார். "ஊர்ல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். என்றைக்கோ ஒரு பெரிய மனிதர் போகிற போக்கில் "உங்களை மனசுல வெச்சிருக்கேன்" என்று சொன்னதை நம்பி, நீங்கள் எதைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள்? வீட்டில் யாருடைய வாழ்க்கை உங்களுக்காகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது? ஒருமுறை முகத்தைத் தடவிப் பாருங்கள். மழமழவென்று இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். சில தாடிகள் உள்பக்கமாக வளரும்.

ஈஜ்ஜாவின் கல்யாணம் பேரீச்சை அறுப்பு முடிந்ததும் ஜாம்ஜாமென்று நடந்தது. எப்படி என்கிறீர்களா? கெடு முடிவதற்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பாஸூ, மகளின் முகத்தை நினைத்து நெஞ்சு உருகி, தானாகவே எழுந்து, கத்தரிக்கோலை எடுத்து, அந்தத் தாடியை ஒரே வெட்டில் வெட்டியெறிந்தார். இனி எந்த அழைப்புக்கும் காத்திருக்க வேண்டாம் என்று ஆனதும் ஸாயிதுவுக்குத் தேதி சொல்லி அனுப்பினார்.

இதை நான் படித்துக் காட்டியபோது, கம்பளத்துக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்த தூடா தலையை நிமிர்த்தவில்லை.

"படுத்தது சரி" என்றாள். "எந்திரிச்சது நான் வெட்டி முடிச்சப்புறம்."