காலிக் கட்டம்

"ஹெக்டேரே, மெயில் வந்துச்சு. எழுத்தெல்லாம் அழகா இருக்கு. படம் எங்கே மாராயரே?"

தொலைபேசியில் கேட்டவர் பாக்கு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் கணபதி பட், சிர்சியிலிருந்து. யாரையும் உரிமையோடு 'மாராயரே' என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இந்தப் பக்கம் எழுந்து நின்று பேசியவர் சித்தாபுர் கிளையின் கிடங்குக் கண்காணிப்பாளர் சுப்ராய ஹெக்டே.

"நடுவில பாருங்க சார். 'பணிவுடன் அனுப்பியுள்ளேன்'ங்கிற வரிக்குக் கீழே."

"கீழே ஒரு கட்டம் இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்லை. கட்டம்தான் சின்னமா? எளிமை நல்லதுதான். அதுக்காக இவ்வளவு எளிமையா?"

சங்கத்துக்கு இது அறுபதாவது வருடம். வைரவிழாவுக்குப் புதுச் சின்னம் வேண்டும், ஊழியர்களே வரைந்து அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஹெக்டேக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கெட்டி அட்டையில் வரைந்தார். நெடுநெடுவென்று ஒரு பாக்கு மரம். காலில் கயிற்று வளையமும் தலையில் பாளைத் தொப்பியுமாக அதில் ஏறும் ஓர் ஆள். உச்சியில் ஒரு குலை. "மரத்துல பல்லி நல்லா வந்திருக்கு" என்று மனைவி சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. தேர்வாகிவிட்டால் பதினோரு கிளைகளின் வாசலிலும், ஊரைவிட்டுப் போகும் ஒவ்வொரு பாக்கு மூட்டையிலும் அவருடைய மரம் நிற்கும். எங்கோ வடக்கே ஒரு கடைக்காரன் மூட்டையைப் பிரிக்கும் முன் அதைப் பார்ப்பான். நினைக்கும்போதே அவருக்குச் சட்டை இறுகியது.

"நாலு மணிக்குக் குழு கூடுது" என்றார் தலைவர். "மிச்சம் இருக்கிறது உம்மோட மரமும், எல்லாப்பூர் கிளைக் காவ்ங்கரோட கைகுலுக்கல் படமும்தான். அவர் அட்டையை நேர்லயே கொண்டுவந்து கொடுத்துட்டார். உம்ம படம் வரலேன்னா கைகுலுக்கல்தான்."

ஹெக்டே போனை வைத்தார். மணி பத்தரை.

"இந்தக் காலத்துல அட்டையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருக்கான் பாரு, காட்டான்!" என்று காவ்ங்கரை வைதார். தாம் அட்டையைச் செல்போனில் படம் பிடித்து, இணையத்து ஆல்பத்தில் ஏற்றி, அங்கிருந்து காப்பி எடுத்து மெயிலில் ஒட்டியவர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. பெருமைக்கு அவரிடம் பஞ்சமும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மூன்று சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. ஆறு வருடம் விடுப்பே எடுக்காததற்கு ஒன்று, கேரம் போட்டியில் இரண்டாமிடத்துக்கு ஒன்று, போன வருடம் சிக்கன யோசனைக்கு முதல் பரிசு ஒன்று.

பக்கத்து மேசையிலிருந்து ரூபா நாயக் எட்டிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"சார், ஆல்பத்துல இருந்து நேரா எடுத்து ஒட்டினா படம் போகாது. படம் எங்கே இருக்குங்கிற விலாசம் மட்டும்தான் போகும். ஆல்பத்துக்கு நீங்க பூட்டு போட்டிருக்கீங்க. சாவி உங்ககிட்ட இருக்கு, உங்களுக்குத் தெரியுது. அவர் பூட்டின கதவு முன்னால நிக்கிறார்."

"இது எனக்குத் தெரியாதா?" என்றார் ஹெக்டே. தெரியாது.

"படத்தை முதல்ல கம்ப்யூட்டர்ல இறக்கிட்டு, அப்புறம் மெயில்ல சேருங்க சார். நான் வேணும்னா..."

"அது சுத்து வழி ரூபா. பூட்டுதானே பிரச்சினை? திறந்துட்டாப் போச்சு."

ஆல்பத்தையே ஊர் உலகத்துக்குத் திறந்துவிட்டார். சின்னத்தை மறுபடி ஒட்டி, ரூபாவுக்கும் ஒரு நகல் சேர்த்து அனுப்பினார். ரூபா தன் செல்போனில் பார்த்து, "இப்ப தெரியுது சார்" என்றாள். ஹெக்டே அவளைப் பார்த்துப் பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"ரெண்டாவது மெயிலும் கையில இருக்கு ஹெக்டேரே. அதே கட்டம்."

"கட்டத்து மேல விரலால ஒரு அமுக்கு அமுக்குங்க சார். சில சமயம் அப்பதான் திறக்கும்."

"அமுக்கினேன். ஒண்ணும் ஆகல."

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க."

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாச்சு மாராயரே!"

எழுபத்திரண்டு வயதில் இப்படிப் பலகைக் கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற தலைவர் எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பார் என்று ஹெக்டேக்கு மனம் நெகிழ்ந்தது. கூடவே ஓர் எண்ணமும் வந்தது. படம் சின்னதாக இருப்பதால்தான் தலைவர் பக்கம் திறக்கவில்லை. பெரிதாக ஒட்டவேண்டும். தலைவர் ஒருவர் மட்டும் பார்த்தால் போதுமா? பதினோரு கிளைகளுக்கும் நகல் போகட்டும். காவ்ங்கரும் பார்த்து வயிறெரியட்டும்.

ஆல்பத்தில் தபால்தலை அளவில் படங்கள் வரிசையாக நின்றன. ஹெக்டே ஒன்றைப் பிடித்து இழுத்து மெயிலில் போட்டார். ஒட்டிய இடத்தில் படம் திறக்காமல் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல், 'இதுவே நம் சங்கத்தின் முகம்' என்று மேலே எழுதி அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் எல்லாப்பூரிலிருந்தே போன்.

"ஹெக்டேரே, நான் தோத்துட்டேன்" என்றார் காவ்ங்கர். குரல் தழுதழுத்தது. "என்ன கற்பனை! அந்த வயிறு இருக்கே, தத்ரூபம்!"

"வயிறா? மரத்தோட நடுப்பாகத்தைச் சொல்றீரா?"

"மரமா? நீங்க எப்படி வேணும்னாலும் சொல்லுங்க. எங்க கிளையில எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்."

எதிரியே பாராட்டுகிறான் என்றால் சாதாரணமா? ஹெக்டே ரூபாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் தன் திரையைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சார்... நீங்க அனுப்பினது சின்னம் இல்லை. ஜோக் அருவி பிக்னிக்."

ஹெக்டே போய்ப் பார்த்தார். போன நவம்பரில் எடுத்த படம். தோளில் துண்டு, சட்டைக்குள் தலையணை, ஒரு கை இடுப்பில், ஒரு விரல் ஆகாயத்தில். குழுக் கூட்டத்தில் பேசும் கணபதி பட்டை ஹெக்டே அப்படியே நடித்துக் காட்டிய அரிய தருணம். அதற்கு மேலே தடித்த எழுத்தில்: 'இதுவே நம் சங்கத்தின் முகம்.'

"திரும்பக் கூப்பிட முடியாதா?"

"அனுப்பின சில நொடிக்குள்ளனா முடியும் சார். நீங்க காவ்ங்கரோட பேசியே அஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஹெக்டே பாய்ந்து ஆல்பத்தைப் பூட்டினார். அதற்குள் கிளை கிளையாகப் போன் வந்துகொண்டிருந்தது. கும்டா கிளைக்காரர் படத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகவும், பெரிதாக்கி மாட்டப் போவதாகவும் சொன்னார். பூட்டினால் என்ன, திறந்தால் என்ன!

பன்னிரண்டேகாலுக்குத் தலைவரின் அழைப்பு. ஹெக்டே போனைக் காதில் வைத்தபோது அவர் கண்ணுக்கு முன்னால் இருபத்திரண்டு வருட உத்தியோகம் ஆடியது.

"ஹெக்டேரே, மூணாவது மெயில் பார்த்தேன்."

"சார்... மன்னிக்கணும்..."

"மன்னிப்பு எதுக்கு? அதே கட்டம்தான். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய கட்டம். 'இதுவே நம் சங்கத்தின் முகம்'னு எழுதிட்டு வெத்துக் கட்டத்தை அனுப்பினா நான் என்ன நினைக்கிறது?"

ஹெக்டே தொப்பென்று உட்கார்ந்தார். ஜென்மத்தில் எந்தக் காலி இடத்தையும் அவர் இவ்வளவு நேசித்ததில்லை.

ஆனால் இப்போது சங்கடம் இரட்டிப்பாகிவிட்டது. படம் தெரியவில்லை என்றால் சின்னம் போச்சு. தெரிந்துவிட்டால் வேலையே போச்சு.

"சார்" என்றாள் ரூபா மெதுவாக, "அந்த அட்டை எங்கே?"

"எந்த அட்டை?"

"நீங்க வரைஞ்ச அட்டை."

அது அவருடைய பீரோவில்தான் இருந்தது. எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தார். நின்றுகொண்டே போனார். வழியெல்லாம் பாக்குத் தோட்டங்கள். ஒவ்வொரு மரத்திலும் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் பல்லி மாதிரி இல்லை என்பதை அவர் நிச்சயப்படுத்திக்கொண்டார்.

மூன்றேகாலுக்குச் சிர்சித் தலைமையகம். தலைவர் அறைக்குள் நுழைந்ததும் ஹெக்டே முதல் வேலையாக அட்டையை மேசைமேல் விரித்துவிட்டார்.

கணபதி பட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மரம் ஏறுபவனின் காலடியைத் தொட்டார்.

"கயிறு பாதத்துல சரியா இருக்கு. இதை யார்கிட்ட பார்த்து வரைஞ்சீங்க?"

"அப்பா ஏறுவார் சார். நானும் கல்லூரி போறவரைக்கும் ஏறினேன்."

"எங்கப்பாவும் ஏறினவர்தான். இந்தச் சங்கத்தை ஆரம்பிச்ச பதினேழு பேர்ல பன்னிரண்டு பேர் ஏறினவங்க." அவர் அட்டையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "கைகுலுக்க யாரு வேணும்னாலும் குலுக்கலாம் மாராயரே. இதுதான் நாம. குழு வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி."

ஹெக்டேக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க மேசையைப் பார்த்தார். அங்கே ஒரு கோப்பு திறந்து கிடந்தது. அதில் வரிசையாக மூன்று தாள்கள், மூன்றும் அவர் அனுப்பிய மெயில்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காலிக் கட்டம்.

"சார், நீங்க மெயிலைக் காகிதத்துலயா படிக்கிறீங்க?"

"வேற எப்படி? அந்தக் கண்ணாடிப் பலகையைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும். பத்து மணிக்கு, பதினோரு மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு நாகவேணி அச்சடிச்சு வச்சிடுவா. அவகிட்ட ஒரு குறையும் சொல்ல முடியாது."

ஹெக்டேக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருடைய மெயிலில் குற்றமே இல்லை! வெற்றியும் கோபமும் சேர்ந்து ஏற, மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் அலுவலக உதவியாளர் நாகவேணி காகிதங்களுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நாலு மணி நேரமா என் உயிரை எடுத்துட்டியே! படத்தை விட்டுட்டு எழுத்தை மட்டும் அச்சடிக்கச் சொல்லி எந்த முட்டாள் உத்தரவு போட்டான்? பேரைச் சொல்லு, இப்பவே உள்ளே போய்த் தலைவர்கிட்ட சொல்றேன்!"

நாகவேணி உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் மை மிச்சம் பிடிக்கிற யோசனைன்னு நீங்க முதல் பரிசு வாங்கினீங்களே, அதே உத்தரவுதான் ஹெக்டேரே. பதினோரு மணிக்கு உங்க மரத்தை அவர் கண்ணுல படாம பண்ணினதும் அதுதான், பன்னிரண்டு மணிக்கு, நான் முன்னாலயே திறந்து வச்சிருந்த அந்தத் தலையணை வயித்தை மறைச்சதும் அதுதான்."