மண்புழு நானா

சிங்கப்பூரில் மண்புழுவுக்கு சலாம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கும் ஒரே மனிதர் எங்கள் மண்புழு நானாதான். அடித்துச் சொல்வேன்.

தேக்காவில் துணிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர்; எங்கள் எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்ததும், ஆள் தலைகீழாக மாறிவிட்டார். பூக்கடையில் வாடிய மல்லிகை, சாப்பாட்டுக்கடை வாழையிலை, தேநீர்ச் சக்கை என்று எதைக் கண்டாலும் உரத்துக்கு அள்ளி வருவார். ஒரு கல்யாண வரவேற்பில் மணமக்களை வாழ்த்தி முடித்த கையோடு, "மாலைய எப்பம்மா கழட்டுவீங்க?" என்று கேட்டவர்!

ஒருநாள் நானும் அவரும் கிராஞ்சியில் ஒரு பண்ணையிலிருந்து புழுப்பெட்டி வாங்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்தோம். குலுக்கலில் மூடி திறந்து புழுக்கள் தரையில் கொட்டின. ஓர் அம்மா அலறியபடி இருக்கைமேல் ஏறிவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, அதுக்குப் பல்லே இல்ல லா!" என்றபடி நானா தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். நானும்தான்.

எதிரே நின்ற சீன இளைஞர், "அங்கிள், ஃபிஷிங் போறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நானாவுக்கு ரோஷம் பொங்கியது. "ஃபிஷிங்கா? திஸ் ஆல் மை ஸ்டாஃப் லா!"

அந்த ஊழியர்களுக்காகத் தன் பாத்தி முழுவதும் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பினார். கத்தரி, கீரை, மஞ்சள், பயறு எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வளர்ந்தன. பக்கத்துப் பாத்தி சாந்தி அக்காவுடையது. அது துடைத்து வைத்த வரவேற்பறை மாதிரி இருக்கும். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன நானா, குப்பத்தொட்டி மாதிரி வச்சிருக்கீங்க?"

"வெயில் இப்பல்லாம் முன்ன மாதிரியாம்மா இருக்கு? மழையும் சொல்லாம கொள்ளாம கொட்டுது. மனுசனுக்குத் துணி வித்தேன். இப்ப மண்ணுக்கு உடுத்துறேன்."

அக்கா சிரிக்கவில்லை. நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டார். பாத்தியைப் பறிப்பதா விடுவதா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. நானா அன்று புழுக்களுக்கு சலாம் சொல்லக்கூட மறந்து இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்த காலையில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நடைபாதை வெள்ளம் நேராகத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. இலைப் போர்வைக்கு அடியில் நானாவின் மண் அசையவில்லை. அக்காவின் வெற்று மண்ணோ தேநீர் நிறத்தில் சாக்கடையை நோக்கி ஓடியது.

நானாவைத் தேடினோம். கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, தன் பாத்தி இலையை இரு கைகளாலும் வாரி அக்காவின் பாத்தியில் அமுக்கிக்கொண்டிருந்தார். "சாந்தி, ஒன் பந்தலப் புடிம்மா! பயத்தங்கொடி போகுது!" அக்கா ஓடிவந்து சேற்றில் முட்டிபோட்டுப் பந்தலைப் பிடித்தார்.

அதிகாரி தயங்கியபடி, "நாற்றம்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணது நீங்கதானே மேடம்?" என்றார்.

அக்கா முகத்துச் சேற்றை வழித்தெறிந்தார். "நாத்தமா? எனக்கு ஜலதோஷம் சார். ஒண்ணும் தெரியல. நீங்களும் ஒரு கை புடிங்க!"

அவரும் பிடித்தார். பாத்தி பிழைத்தது.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் எங்கள் புளோக்கில் யாரும் முதலில் காயும் துணியை எடுப்பதில்லை. கீழே தோட்டத்தில் நானா நனைந்துகொண்டு நிற்கிறாரா என்றுதான் எட்டிப் பார்க்கிறோம்.