நாலு குவளைத் தண்ணீர்

மார்ச் 12, புதன், மதியம். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். குடிப்பவரைப் பார்க்கவில்லை. சின்னத் தவறு. என்னுடையதுதான்.

எழுதிவிட்டு இனியா குறிப்பேட்டை மூடினாள். பகலில் மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் பிரிவில் உதவியாளர், மாலையில் கிளமெண்டியில் வகுப்பு. செய்த தவறை அன்றே எழுதிவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

காலையில் வந்தவர் தனசேகரன், கிராஞ்சி விடுதியில் தங்கியிருக்கும் கட்டுமான ஊழியர். அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று குழாய் விட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அது வயிற்றுச் சுவருக்குள் நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்று ஸ்கேன் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை உண்டா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான்.

"சுருங்கின வயிறு மடிச்ச துணி மாதிரிண்ணே. தண்ணி நெறஞ்சாத்தான் விரியும். அப்பதான் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெளிவா தெரியும்" என்று பொறுமையாக விளக்கி, நாலு குவளைகளை வரிசையாக வைத்தாள். அவர் கவனமாகத் தலையாட்டினார்.

இனியாவுக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். நீர் நிறைந்த வயிறு திரையில் காற்றே இல்லாத குளம்போலக் கிடக்கும். இயந்திரத்தின் முனகலைக் கேட்டபடி அதைப் பார்த்தால் கட்டடம் மெல்ல மிதப்பதாகத் தோன்றும்.

அன்று குளம் இல்லை. முதல் படத்திலேயே வயிறு சுருண்டு கிடந்தது. விசாரித்தால், மூன்று குவளைகள் அறைத்தோழர்களின் தொண்டையில் இறங்கியிருந்தன. மழையால் வேலை நின்று மூவரும் துணைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வறண்ட வாயோடு உட்கார்ந்திருக்கத் தான் மட்டும் எப்படிக் குடிப்பது என்றார் தனசேகரன்.

மதியத்துக்கு மேல் இனியா படம் வரைந்து மறுபடி விளக்கினாள். தோழர்களுக்குத் தனித்தனி பாட்டில் கொடுத்தாள். மறுக்கத் தெரியாத அவர்கள் தங்களுடையதையும் குடித்து, தனசேகரன் நீட்டியதையும் குடித்து, கழிப்பறை வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு குவளைக்கும் ஒரு டிக் போடச் சொல்லித் தாள் வைத்தாள். நாலு டிக்கும் சரியாக விழுந்திருந்தன, மூன்று வெவ்வேறு கைகள் போட்டவை.

தோழர்களை மின்தூக்கிப் பக்கம் அனுப்பினாள். திரும்பி வந்தபோது தனசேகரன் பக்கத்து நாற்காலிச் சீனப் பாட்டியிடம் "ட்ரிங்க் ஆன்ட்டி, வெரி ஹாட் லா" என்று கடைசிக் குவளையை நீட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வெறும் வயிற்றில் சோதனை இருந்த பாட்டி, வாயைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்தச் சோதனையும் தள்ளிப்போனது.

"உன் பேஷண்ட் தண்ணீர்ப் பந்தல் வச்சிருக்காராம்மா?" என்றார் மூத்த தொழில்நுட்பர் நூருல் அமீன். இன்றைக்கு இனி நேரமில்லை, நாளை பத்து மணிக்கு வரட்டும் என்று எழுதிக்கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்ட தனசேகரன் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

இனியாவுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நல்ல மனசுக்காரரிடம் சரியாக விளக்கத் தெரியவில்லையே என்றுதான் தன்மேல் வருத்தம். மின்தூக்கிக்குக் காத்திருந்த ஆதவனிடம் போனாள். மூவரில் இளையவன், தண்ணீரால் சற்றே வீங்கியிருந்தான்.

"அண்ணனுக்குப் பக்கத்துல இருக்கவங்க தாகம் பொறுக்காது, இல்ல? ரூம்லயும் இப்படித்தானா?"

ஆதவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரூம்ல அவரு பாட்டில நாங்க தொட முடியாது சிஸ்டர். வயிறு நெறஞ்சாத்தான் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியும்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தாரு."

வகுப்புக்குப் போகும் ரயிலில் அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். நாளை காலை பத்து மணி: தனசேகரன் அண்ணன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார வேண்டும். எதையும் விளக்க வேண்டாம்.