டிஸ்பென்சரி வளவும் புது மாப்பிள்ளையும்

விளக்குமாற்றின் ஒரு முனை அபுல் ஹஸனின் கையில். மறுமுனை அவன் மனைவியின் தம்பி சரீப்பின் கையில்.

"விடுங்க மச்சான், ஊரு பாக்குது!"

"நீ விடு! நான் கூட்டாட்டி மறியலுக்குப் போய்க் கம்பிதான் எண்ணணும்!"

கோமாரி என்ற ஊரிலிருந்து கல்முனைக்கு அவன் மாப்பிள்ளையாக வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூட அவனைத் தூக்க விட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், இருட்டில், லைட் இல்லாத சைக்கிளில் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பினான். யாரோ சொல்லிக்கொடுத்து, அங்கே பொலிஸ் சார்ஜன் காத்து நின்றார். பிரேக்கும் இல்லாததால் சைக்கிள் அவர் மேலேயே ஏறியது.

நீதவானுக்குப் புதுச் சட்டத்தில் ஆசை. மறியலுக்குப் பதிலாக ஆறு நாள் அரசாங்க டிஸ்பென்சரியின் வளவை, வேலிக்குள் இருக்கும் இடம் முழுவதையும், துப்புரவாக்கச் சொன்னார். தினமும் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும். ஒன்று குறைந்தாலும் பதினாலு நாள் மறியல்.

டிஸ்பென்சரியோ மாமியார் வீட்டுக்கு நேர் எதிரே!

முதல் நாள் சரீப் வென்றான். அவன் கூட்ட, அபுல் ஹஸனுக்குக் கதிரையும் தேத்தண்ணியும் வந்தன.

"காக்கா, கையெழுத்து?" என்று மூத்தவரை அழைக்கும் முறையில் கேட்டான் அபுல் ஹஸன்.

பொறுப்பாளர் முகைதீன்பாவா கையெழுத்துக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கதிரையில குந்தினதுக்கா? பாப்பம். அந்த மூலையில பத்தை மண்டிக் கிடக்கு, அதையாவது வெட்டுங்க."

மறுநாள் விடியலில் சுபஹு தொழுத கையோடு மண்வெட்டியும் தானுமாக ஓடினான். மாமி பாத்தும்மா வேலிக்கு மேலால் கண்டுவிட்டார்.

"எங்கட மாப்பிள மண்வெட்டி புடிக்கிறதா! சனம் சிரிக்காதா?"

வயலுக்குப் போக நின்ற சொந்தக்காரர் பதினொரு பேர் வளவுக்குள் இறங்கினார்கள். பத்தை போயிற்று, வேலியும் புதிதாயிற்று.

"சுவருதான் ஊத்தையா இரிக்கு," என்றார் முகைதீன்பாவா.

மூன்றாம் நாள் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினான். மாமியின் சகோதரர்கள் பிடுங்கிக் கட்டடம் முழுக்க அடித்தார்கள். நான்காம் நாள் கூட்ட ஓர் இலையும் இல்லை. வெட்கத்தை விட்டு, ஒரு கூடை சருகை அவனே கொண்டுவந்து கொட்டினான்.

"மாப்பிளைக்கு இந்த வேம்பாலதான் கரைச்சல்போல!" என்று வேப்பமரத்தின் கொப்புகளையே வெட்டித் தள்ளினார்கள். ஐந்தாம் நாள், முகைதீன்பாவா வாய் திறக்குமுன்னே கிணற்றையும் இறைத்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் மனைவி றுகையா அழுதாள். "எங்கட ஆக்கள் மரியாத பண்ணிப் பண்ணியே உங்கள மறியலுக்கு அனுப்பப் போறாங்க!"

அபுல் ஹஸன் எதிரே இருந்த டிஸ்பென்சரிக்கு ஓடினான். முகைதீன்பாவாவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காக்கா, அல்லாவுக்காக ஒரு கையெழுத்தாவது..."

முகைதீன்பாவா கொப்பியை விரித்தார். ஆறு நாளுக்கும் ஆறு கையெழுத்து. பக்கத்தில் 'மிகத் திருப்தி.'

"நான் ஒரு சருகக்கூடக் கூட்டல்லியே காக்கா!"

முகைதீன்பாவா வெள்ளைச் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணாந்து ஓடுகளைப் பார்த்தார்.

"இனிக் கூரை மட்டுந்தான் பாக்கி. அடுத்த மாசம் பக்கத்து வீட்டு ஜவுபர்ட மகளுக்குக் கலியாணம். அந்த மாப்பிளட சைக்கிளிலயும் லைட் இல்ல, சார்ஜனிட்டச் சொல்லி வெச்சிட்டன்."