கழுதைக்கு வேண்டிய இங்கிலீஷ்

கழுதைக்கு இங்கிலீஷில் என்ன என்பது நல்லமுத்துவுக்குத் தெரியும். மலையுச்சியிலிருந்து விழுந்து அப்பளமாகிப்போன கழுதை, மறுபடி எழுந்து நின்று காதை ஆட்டுவதற்கு இங்கிலீஷில் என்ன என்பதுதான் தெரியவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்குள் அது தெரிந்தாக வேண்டும்.

"அகராதியில பாருங்களேன்" என்றாள் மனைவி கமலவேணி.

"பாத்தாச்சு. கழுதை இருக்கு, மலை இருக்கு. ரெண்டும் சேந்து பண்ணுன கூத்துதான் இல்ல."

எல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. சுங்கை ரம்பாய்க்குப் பக்கத்தில் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்துக்கு சர்க்கார் படவண்டி வந்திருந்தது. மலாய் நாட்டில் அவசரகாலம் பிறந்து நாலு வருஷமாகி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலியும் வாசலில் காவலும் வந்துவிட்ட காலம். முதலில், காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுக்காதே என்று ஒரு படம் காட்டினார்கள். கசப்பு மருந்துக்குப் பிறகு சர்க்கரை கொடுப்பதுபோல அடுத்து ஒரு பொம்மைப்படம். அதில் ஒரு நரி, ஒரு கழுதையை மலையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது. கழுதை எழுந்து வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை கழுதை எழுந்தபோது, பால்மரம் வெட்டும் முத்தாயி உரக்கவே சொன்னாள்: "இது என்னாடி கழுதை! நம்ம சூரபத்மன் மாதிரில்ல வெட்ட வெட்ட எந்திரிக்குது!"

திடலே சிரித்தது. பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார்.

மறுநாள் காலை ஆபீசில் துரை நேராக நல்லமுத்துவின் மேசைக்கு வந்தார்.

"நல்லமுத்து... பொம்மைப் படம்... நல்லா இருக்கா?" என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துக் கேட்டார்.

நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரை தமிழில் பேசினால் எதிரே நிற்பவன் வாளி தூக்குகிறவன். இங்கிலீஷில் பேசினால் பேனா பிடிக்கிறவன். ஒன்பது வருஷமாகச் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி வேலை பார்க்கும் நல்லமுத்து இந்தக் கோட்டை ஒரு நாளும் தாண்டியதில்லை. துரை காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம்கூட இங்கிலீஷில்தான் பேசுவார். மண்டோர் சாமிக்கண்ணுவும் தலையை ஆட்டிவிட்டு, துரை போனதும் "என்னா சொன்னீங்க கிராணி?" என்று தனியாக வந்து கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் தமிழில் கேட்டால்? என் இங்கிலீஷ் மேல் துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நல்லமுத்து முடிவு கட்டினார்.

எழுந்து விறைப்பாக நின்று, "எஸ் சார். தி பிக்சர் வாஸ் மோஸ்ட் சாட்டிஸ்ஃபேக்டரி, சார்" என்றார்.

துரையின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அவரும் இங்கிலீஷுக்கு மாறினார். சனிக்கிழமை நாலு மணிக்குப் பங்களாவுக்கு வா, அந்தப் பொம்மைப்படத்தைப் பற்றியும் உங்கள் சாமி கதைகளைப் பற்றியும் பேசு, எங்கள் ஊர்ப் பழங்கதையிலும் வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பு ஒன்று உண்டு, நீ பேச நான் கேட்க வேண்டும் என்றார். போகும்போது, "பெரிய கிராணி விஷயத்தையும் அன்றைக்கே முடித்துவிடலாம்" என்றும் சொன்னார்.

பெரிய கிராணி ஊருக்குக் கப்பலேறி இரண்டு மாதமாகிறது. அவர் நாற்காலி காலி, அவர் வீடும் காலி. அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் சமையற்கட்டுக்குள்ளேயே இருந்தது. கமலவேணி ஒன்பது வருஷமாகப் பொதுக்குழாயில் வரிசை நின்று குடம் தூக்கி இடுப்பொடிந்தவள். நாற்காலி கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் குழாய் அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று நல்லமுத்து மனசார ஆசைப்பட்டார்.

ஆனால் அவருடைய இங்கிலீஷ் முழுக்க முழுக்க ரப்பர் இங்கிலீஷ். பால் உறைவதற்கும், பட்டை கெடுவதற்கும், மழையால் வேலை நின்றதற்கும் சொல் இருந்தது. சாமிக்கும் கழுதைக்கும் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸர் ரங்கசாமியிடம் போனார். சுற்றுவட்டாரத்தில் பெரிய பெரிய இங்கிலீஷ் சொற்கள் அவரிடம்தான் இருந்தன.

"கழுதை மலையிலேர்ந்து விழுந்துச்சா? மல்ட்டிப்பிள் ஃப்ராக்சர். எழுதிக்க தம்பி" என்றார் ரங்கசாமி.

"எந்திரிச்சு ஓடிருச்சுண்ணே."

"ஸ்பான்டேனியஸ் ரெக்கவரி."

"நம்ம பிள்ளையாருக்கு யானைத் தலை வச்சாங்களே, அது?"

"மேஜர் ஆபரேஷன்."

"முருகனுக்கு ஆறு முகம்?"

ரங்கசாமி கொஞ்சம் யோசித்தார். "அது பொறவியிலேயே அமைஞ்சதுலா. கஞ்ஜெனிட்டல்."

நல்லமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கமலவேணி முன்னால் நின்று ஒப்பித்தும் காட்டினார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரி வாடை தெரிந்தது.

"என்னாங்க இது? சாமி கதை மாதிரி இல்ல. யாரோ சீக்காளிக்குச் சீட்டு எழுதுன மாதிரி இருக்கு."

அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. உடம்புக்குச் சொல் கிடைத்துவிட்டது, கதைக்குத்தான் கிடைக்கவில்லை. சண்டை, மாறுவேடம், தப்பி ஓடுவது, இதற்கெல்லாம் யாரிடம் போவது? சுங்கை ரம்பாயில் போலீஸ் அறிக்கைகளை டைப் அடிக்கும் தனபாலன் நினைவுக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நல்லமுத்து பஸ் ஏறினார்.

"சூரபத்மன் மாமரமா மாறி நின்னான்டா. அதுக்கு என்னா?"

"கமஃப்ளாஜ்" என்றான் தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு. தினமும் நாலு தடவை அடிக்கிற சொல்.

"பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு முருகன் மலைக்குப் போயிட்டாரு."

"அப்ஸ்காண்டட். ஹில் ஏரியாவுல தலைமறைவு. அடுத்தது சொல்லு."

"கிழவன் வேஷத்துல காட்டுல போயி வள்ளிகிட்டத் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டாரு."

"வள்ளி... சப்ளையிங் ஃபுட்" என்று தனபாலன் அவன் கையாலேயே நோட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து அச்சுப்போல இருந்தது. நல்லமுத்து சந்தோஷமாக இரண்டு வடையும் வாங்கித் தந்துவிட்டு பஸ் ஏறினார்.

தோட்டத்து வாசலில் வழக்கமான சோதனை. காவலுக்கு அன்றைக்குத்தான் புதிதாக வந்திருந்த மலாய் கோப்ரல், நல்லமுத்துவின் பையில் அரிசியைத் தேடினார். அரிசி இல்லை, நோட்டுதான் இருந்தது. பிரித்துப் படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு நல்லமுத்துவைக் காவல் கொட்டகைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, மலாயில் மிக மரியாதையாக விசாரித்தார்.

"இந்த வள்ளி எந்த லயத்தில் இருக்கிறாள்?"

"லயத்தில் இல்லை. மலையில் இருப்பவள்."

"காட்டிலிருந்து வந்த கிழவனுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறாள்."

"அவன் கிழவன் இல்லை, வேஷம். அவன்தான் படைத்தலைவன்."

கோப்ரல் பேனாவை எடுத்துக்கொண்டார். "தலைவன் பெயர்?"

"முருகன்."

"ஆயுதம்?"

"வேல்."

"மரம்போல மறைந்து நின்றவன்?"

"சூரபத்மன்."

"பிடிபட்டானா?"

"பிடிபட்டான். இப்போது மயிலாக இருக்கிறான்" என்று நல்லமுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

கோப்ரல் பேனாவை மூடி வைத்துவிட்டுத் துரைக்கு டெலிபோன் செய்தார்.

இரும்புத் தகடு அடித்த ஜீப்பில் துரை வந்து இறங்கினார். நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் மீசை ஓரம் துடித்ததை நல்லமுத்து கோபம் என்று நினைத்துக் கும்பிடப் போனார். துரை கோப்ரலின் தோளில் தட்டி, இதெல்லாம் சாமி கதை, பயப்பட ஒன்றுமில்லை என்று மலாயில் விளக்கினார். அப்புறம் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு நல்லமுத்துவின் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து அவருடைய சின்ன நோட்டு வெளியே வந்தது.

"நல்லமுத்து... நீ... கதை... சொல்லு" என்றார் தமிழில்.

நல்லமுத்துவுக்கு வியர்த்தது. சனிக்கிழமைப் பரீட்சை வெள்ளிக்கிழமையே வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கோப்ரல் வேறு. மறுபடியும் தமிழில் கேட்கிறாரே, இங்கிலீஷ் வராது என்றே தீர்மானித்துவிட்டாரா? சமையற்கட்டுக் குழாயை ஒருமுறை மனதில் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"சார், திஸ் டாங்கி ஹாஸ் மல்ட்டிப்பிள் ஃப்ராக்சர். பட் ஸ்பான்டேனியஸ் ரெக்கவரி, சார்!"

அதற்கப்புறம் அவரை நிறுத்த ஆளில்லை. பிள்ளையாருக்கு நடந்த மேஜர் ஆபரேஷனையும் அது வெற்றி பெற்றதையும் சொன்னார். முருகன் அனுமதிச் சீட்டில்லாமல் வீட்டை விட்டு வெளியேறி மலைப் பகுதியில் தலைமறைவானதைச் சொன்னார். சூரபத்மன் மாமரமாகக் கமஃப்ளாஜ் செய்து நின்றதையும், ஒரே வேலில் இரண்டாகப் பிளக்கப்பட்டு நிபந்தனையின்றிச் சரணடைந்ததையும் சொன்னார். அத்தனையும் இங்கிலீஷில், ஒரு சொல் தமிழ் கலக்காமல். இடையில் துரை இரண்டு தடவை, "தமிழ்..." என்று கையை லேசாக உயர்த்தினார். "நோ ப்ராப்ளம், சார், ஐ கேன் மேனேஜ்" என்று நல்லமுத்து இன்னும் வேகமெடுத்தார்.

கடைசியில் துரை எதுவும் எழுதாமலே நோட்டை மூடினார். எழுந்து கை கொடுத்தார்.

"உன் இங்கிலீஷ் என் இங்கிலீஷைவிட நன்றாக இருக்கிறது, நல்லமுத்து" என்றார் இங்கிலீஷில். "சனிக்கிழமை நீ வர வேண்டாம். இன்றைக்கே நான் மலாக்காவில் இருக்கும் தலைமை ஆபீசுக்கு எழுதிவிடுகிறேன்."

நல்லமுத்து வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார்.

"எழுதிடுறேன்னே சொல்லிட்டாரா?" என்று கமலவேணி மூன்று தடவை கேட்டாள்.

"கை குடுத்தாரு கமலா! கிராணிக்குத் துரை கை குடுத்து நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. கண் கலங்கிப் போய், முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நல்லமுத்து பார்த்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கமலவேணி பாயசம் வைத்தாள். துரை பங்களாவில் சமையல் செய்யும் இருசம்மாள் ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கம் வந்தவள், வாசம் பிடித்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்று கமலவேணி ஒரு தம்ளரை நீட்டினாள். "இவருக்குப் பெரிய கிராணி வேலை ஆயிருச்சு. துரை நேத்தே மலாக்காவுக்கு எழுதிட்டாரு."

இருசம்மாள் ஒரு மிடறு குடித்தாள். தம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நல்லமுத்துவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதுனாருதான், எங்கிட்டயே தமிழ்ல பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாரு; அடுத்த மாசம் துரைக்குத் தமிழ்ப் பரிச்சையாம், பொம்மப் படத்தையும் சாமி கதையையும் தமிழ்ல பேசிக் காட்டணுமாம், அதுக்குத் தமிழ் சொல்லித் தர்ற ஆளா ஒரு பெரிய கிராணி அனுப்புங்கன்னுல்ல எழுதியிருக்காரு... ஏங்கய்யா, ஒங்களுக்குத் தமிழ் ஒரு வார்த்தகூடத் தெரியாதாமே?"