உயிரோடு இருக்கும் மாமாவுக்கு ஒரு மரண அறிவித்தல்

சிம்பாங் ரெங்கம்,
ஞாயிறு

செனாயில் நலமாகவும், அதைவிட முக்கியமாக உயிரோடும் இருக்கும் தங்கராஜு மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் லோகேஸ்வரன் பாதுகாப்பான தூரத்தில் நின்று பணிவோடு வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் கோபம் மெலிந்துவிட்டதா என்று அறிய ஆவல்.

உங்கள் இறப்புக்கு உங்கள் மகள் லோஷினி காரணம் அல்ல, மாமா. பாதிதான். எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாததால் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் படிக்கிறோம். மற்ற நாளெல்லாம் வாட்சாப்பில் தொடர்கதை எழுதுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் தட்டியவரின் பாத்திரம் செத்துப்போகும், அதுதான் சட்டம். என் பக்கம் ஒரு தலைமுறையே காலி. லோஷினியின் பாத்திரம் மட்டும் சாகவே இல்லை. மலாயில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் கணக்குப் போடுவாள், மாண்டரினில் பேரம் பேசுவாள், எழுத உட்கார்ந்தால் தமிழ்தான். அவளுடைய கதாநாயகன் ஒரு தொழிற்சாலை சூப்பர்வைசர். யாராவது விடுப்புக் கேட்டால் திட்டிக்கொண்டே கொடுப்பவர். பெயர் தங்கராஜு. யாராவது நினைவுக்கு வருகிறார்களா?

போன வியாழன், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ‘வரேன்’ என்பதை அவள் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டாள். நாங்கள் மன்னிக்கத் தயார் லா. அவள்தான், “சட்டம் எனக்கும்தான்டா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மரண அறிவித்தலைத் தானே எழுதினாள். நாளிதழில் அந்தப் பக்கத்தையும் விடாமல் படிப்பவள் அல்லவா, நடை அத்துப்படி. பூ பார்டர் போட்டு உங்கள் தைப்பூசப் படத்தை ஒட்டியது நான். கதைக் குழுவுக்கு என்று குடும்பக் குழுவுக்கு அனுப்பியதும் நான். என் கட்டைவிரலுக்கு இரண்டும் பக்கத்து வீடு.

நீங்களோ நைட் ஷிப்ட் முடித்து, கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கினீர்கள். செல்லம் பெரியம்மா ஒரு வேன் நிறைய ஆட்களோடும் மாலையோடும் வந்து உங்கள் கேட்டைப் பிடித்து அழ, நீங்கள் கைலியோடு வெளியே வந்தீர்கள்.

“என்னக்கா, யாரு போயிட்டாங்க?”

“அலமாக்! நீதான்டா தம்பி!”

“நானா? என்கிட்ட யாருமே சொல்லலையே!”

அந்தக் கோபத்தில்தான் லோஷினி பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு ‘ஏ’ குறைந்துவிடுமாம். மாமா, அவள் எழுதியதைப் படித்தீர்களா? ‘திட்டிக்கொண்டே எல்லாருக்கும் விடுப்புக் கொடுத்தவர், முதன்முறையாகத் தனக்கும் எடுத்துக்கொண்டார்.’ நான் சேட்டைக்காரன்தான். ஆனால் அந்த வரியை இரண்டு முறை படித்த பிறகுதான் பூ பார்டரையே போட்டேன். பெரியம்மா திரும்பும் வழியில் வேனில் அதை உரக்கப் படித்துவிட்டு, “நான் செத்தா இவதான் எழுதணும், சொல்லிட்டேன்” என்றார். இந்தக் கையையா, மாமா, நிறுத்தச் சொல்கிறீர்கள்?

தண்டனையை எனக்குக் கொடுங்கள், அவளுக்குத் தேர்வைக் கொடுங்கள். குழுவைக் கலைத்துவிட்டோம். இனி உங்களைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டோம். சத்தியம்.

நூறாண்டு வாழ்க. அதற்கு மறுப்பு ஏதும் வெளியிட மாட்டோம்.

உங்கள் அன்பு மருமகன்,
லோகேஸ்வரன்

பி.கு.: குழுவைக் கலைத்ததாக எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இப்போதுதான் உங்கள் மனைவி, நம் வாசுகி அத்தை, அதில் சேர்ந்தார். மாமாவை உயிர்ப்பிக்கலாமா என்று கேட்டோம். சுத்தமான தமிழ் எழுத்தில் பதில் வந்தது: “புள்ள தமிழ் எடுக்க சரின்னு சொல்ற வரைக்கும் அவரு அப்படியே கிடக்கட்டும். கருமாதியை நான் எழுதுறேன்.”